‘திங்க்’ வராவிட்டால் குடி முழுகிப் போகாது

கேள்வி: செக் குடியரசின் ப்ர்னோ நகரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் குழுவில் உள்ள செக் நண்பர்கள் ஆறு பேர், “உனக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வருகிறதே, எங்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடு” என்று கேட்டதால், புதன்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன். இரண்டு மாதமாக ‘திங்க்’, ‘திஸ்’ இரண்டிலேயே நிற்கிறோம். ‘நான் நினைக்கிறேன்’ என்று சொல்ல வந்தவர் ‘ஐ சிங்க்’, அதாவது ‘நான் மூழ்குகிறேன்’ என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுத்த வாரமும் மூழ்குகிறார். லண்டனில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளரோ தொலைபேசியில் “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று அடிக்கடி கேட்கிறார். இவர்கள் பேச்சு வெடுக்கென்று இருப்பதாகவும் ஒருமுறை சொல்லிவிட்டார். நான் எங்கே தவறுகிறேன்? தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசும் நான் இதைச் சொல்லிக்கொடுப்பது சரிதானா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூழ்கும் நண்பரை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் ‘ஐ சிங்க்’ என்று தொடங்கினால், மனிதர் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருக்கிறார் என்று எந்த லண்டன்காரரும் எண்ண மாட்டார். லண்டன் தெருக்களிலேயே அந்தச் சொல்லை ‘ஃபிங்க்’ என்பவர்கள் ஏராளம். பல்லிடுக்கில் நாக்கை நீட்டும் அந்த ஒலி பார்க்க விநோதமாக இருப்பதால் எல்லா ஆசிரியர்களின் கண்ணிலும் முதலில் அதுதான் படுகிறது. 2000ஆம் ஆண்டில் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற மொழியியலாளர், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எந்தெந்த ஒலி பிசகினால் பேச்சு புரியாமல் போகிறது என்று பார்த்து ஒரு பட்டியல் தந்தார். உயிரொலியின் நீளம் அதில் இருந்தது. சொல்லின் தொடக்கத்தில் ப, ட, க ஒலிகளோடு வெளியேறும் மூச்சு இருந்தது. நீங்கள் இரண்டு மாதம் மல்லுக்கட்டிய ஒலிக்கு அதில் இடமில்லை.

உங்கள் வாடிக்கையாளர் தடுமாறுவது, என் கணிப்பில், சொற்களின் வாலில்.

நான் பிராகில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த காலத்தில் கணக்காளர் ஒருவர் மாணவியாக இருந்தார். ஒருநாள் உடல்நலமின்றி வீட்டில் இருந்தவர், அலுவலகத்தில் இருந்த ஆங்கிலேய சக ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து, தேடும் கோப்பு தன் பையில் இருக்கிறது என்று சொன்னார். அந்த மனிதர் அறையின் பின்பக்க அலமாரியை அரை மணி நேரம் குடைந்துகொண்டிருந்தார். பை அந்த அம்மாளின் நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பைக்கான ஆங்கிலச் சொல்லும் பின்பக்கத்துக்கான சொல்லும் கடைசி ஒலியில்தான் வேறுபடுகின்றன. பையின் கடைசி ஒலியில் தொண்டை அதிர வேண்டும். ‘தங்கம்’ என்பதில் வரும் க போல. பின்பக்கத்தின் கடைசி ஒலியில் அதிராது; ‘பக்கம்’ என்பதில் வரும் க போல. செக் மொழியிலோ சொல்லின் முடிவில் இப்படி அதிரும் ஒலிகள் வருவதில்லை. எழுத்தில் இருந்தாலும் வாயில் அவை அதிர்வை இழந்துவிடும். பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லும் விமானப் பயணத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்தில் வேறு வேறு. இரண்டையும் சொல்வது ஒரே ‘லெட்’ தான். அவர்கள் மொழியில் இது பிழையல்ல, விதி. பிறந்ததிலிருந்து கடைப்பிடித்த விதியை ஆங்கிலத்துக்குள்ளும் கூட்டிவந்துவிடுகிறார்கள்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வாயை அகலத் திறந்து சொல்லும் ஆங்கில உயிர் ஒன்று, எ-க்கும் ஆ-வுக்கும் இடைப்பட்டது, செக் மொழியில் கிடையாது. அதை எ-யாகவே கேட்டு எ-யாகவே சொல்வார்கள். விளைவு, கெட்டது, படுக்கை, கிரிக்கெட் மட்டை, பந்தயம் ஆகிய நான்கு ஆங்கிலச் சொற்களும் ஒரு செக்காரர் வாயில் ஒரே ‘பெட்’ ஆகிவிடுகின்றன. சிரிக்க வேண்டாம். தமிழில் எழுதிப் பாருங்கள்: பேட், பெட், பேட், பெட். நம் எழுத்தும் நான்கை இரண்டாக்கிவிட்டது.

இதைச் சரிசெய்ய ‘கடைசி எழுத்தை அழுத்திச் சொல்லுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். அழுத்தச் சொன்னால் அதிர்வு வராது, முன்னிலும் பலமான ‘ட்’ வரும். அல்லது சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டி உயிர் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலேயர் காது, கடைசி ஒலியை விட அதற்கு முன்னால் வரும் உயிரின் நீளத்தைத்தான் அதிகம் கவனிக்கிறது. அதிரும் ஒலிக்கு முன் உயிர் நீளும். அதிராத ஒலிக்கு முன் வெட்டினாற்போல் குறுகும். பரிசுக்கும் விலைக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாட்டை ஒலிப்பதிவில் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நீளம் என்றால் உங்கள் நண்பர்கள் கெட்டிக்காரர்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் குறில் நெடில் உண்டு. ‘பஸ்’ என்று குறுக்கினால் பாஸ்போர்ட், ‘பாஸ்’ என்று நீட்டினால் பட்டை. நமக்குப் படமும் பாடமும் போல. நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள், அதற்கு ‘சார்க்கா’ என்று பெயர். பைக்கான ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி அதன் உயிரின் மேல் ஒரு சார்க்கா போடுங்கள். பின்பக்கத்துக்கான சொல்லுக்குப் போடாதீர்கள். வேறு எதுவும் விளக்க வேண்டாம். என் கணக்காளர் மாணவிக்கு இரண்டு வாரம் நாக்கு, தொண்டை, அதிர்வு என்று விளக்கிப் பார்த்தேன். மனப்பாடம் செய்ததுபோல் தலையாட்டினார், ‘பேக்’ மாறவில்லை. கோட்டைப் போட்ட அன்றே மாறியது. இதை நான் முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆனால் வாய்க்கு முன்னால் காது. 1926இல் பிராகில் மொழியியலாளர்களின் வட்டம் ஒன்று உருவானது. அதைத் தொடங்கிய விலெம் மத்தேசியுஸ், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர். அந்த வட்டத்தைச் சேர்ந்த நிக்கலாய் த்ருபெத்ஸ்கோய் 1938இல் காலமானார். அவர் எழுதிவைத்தது அடுத்த ஆண்டு பிராகில் வெளியாயிற்று. அதில் ஓர் உவமை வருகிறது: தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை, வேற்றுமொழிப் பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் நம் காதுக்குள் விழுகிறது. தன் சல்லடைக்குப் பொருந்தாத வேறுபாட்டை ஒருவர் சொல்லத் தவறுவதற்கு முன்பு கேட்கவே தவறுகிறார். உங்கள் நண்பர்களின் நாட்டிலேயே அச்சேறிய கருத்து இது. அவர்களிடம் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

ஆகவே வரும் புதன்கிழமை யாரையும் பேசவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள் கொடுங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒலிப்பதிவு இருக்கிறது. மேற்சொன்ன நான்கு சொற்களையும் வரிசையை மாற்றி மாற்றி இருபது முறை ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். நான் இப்படிச் செய்தபோது ஒருவர் இருபது வரியிலும் பந்தயத்தையே எழுதியிருந்தார். தாளைப் பார்த்துவிட்டு, “நீங்கள் ஒரே சொல்லைத்தானே போட்டீர்கள்?” என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். அவரை நாக்கை இப்படி வை, அப்படி வை என்று படுத்தி என்ன பயன்?

காது பிரிக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லட்டும், சொல்பவர் முகம் தெரியாமல் முதுகைக் காட்டி உட்காரட்டும், கேட்பவர் எழுதட்டும். தவறினால் பழி சொன்னவர் மேலா, எழுதியவர் மேலா என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள். நீங்கள் தேநீர் குடிக்கலாம்.

அடுத்தது அழுத்தம். செக் மொழியில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில்தான். மற்ற அசைகளும் மங்குவதில்லை. ஒவ்வொரு உயிரும் முழுதாக, தெளிவாக ஒலிக்கும். ஆங்கிலம் இதற்கு நேர்மாறு. அழுத்தம் எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; விழுந்த இடத்தைத் தவிர மற்ற உயிர்கள் பெரும்பாலும் களைத்துப்போய்ப் படுத்துவிடும். வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ஒரே உயிரெழுத்து மூன்று முறை எழுதப்படுகிறது. முழு உயிர் நடுவில் இருப்பது மட்டும்தான், முதலும் மூன்றும் வெறும் நிழல். உங்கள் நண்பர்கள் மூன்றையும் சமமாக, முதலாவதை ஓங்கிச் சொல்வார்கள். நாம் அதைப் ‘பனானா’ என்று எழுதுவதும் ஏறக்குறைய அதே கதைதான்.

மங்கிய உயிர் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரியவைக்க எனக்கு ஆங்கில உதாரணமே தேவையில்லை. ‘பசு’ என்று சொல்லுங்கள், பிறகு ‘காடு’ என்று சொல்லுங்கள். முதல் சொல்லின் உகரத்துக்கு உதடு குவிகிறது. இரண்டாவதற்குக் குவிவதில்லை, அரை மாத்திரையில் கழன்றுவிடுகிறது. பள்ளியில் குற்றியலுகரம் என்று மதிப்பெண்ணுக்காகப் படித்தோமே, அதுதான். ஆங்கிலத்தின் மங்கிய உயிர் ஒலியால் இதுவே அல்ல. ஆனால் அந்தச் சோம்பல் இதே சோம்பல். செக் நண்பர்களிடமும் ஓர் இடத்தில் அது ஒளிந்திருக்கிறது. ஒரு மெய்யெழுத்தின் ஒலியை மட்டும் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், சின்னக் குழந்தை எழுத்துக்கூட்டுவதுபோல. மெய்க்குப் பின்னால் அவர்களை அறியாமல் ஒரு நிழல் உயிர் வரும். அடுத்த வார்த்தை கிடைக்காமல் இழுக்கும்போதும் அதுவே வரும். ‘அதுதான், அதையே இங்கே வையுங்கள்’ என்று உடனே பிடித்துக்கொள்ளுங்கள்.

அழுத்தத்துக்கும் சார்க்காவே உதவும். ‘டெவலப்பர்’ என்ற சொல் செக் மொழிக்குள்ளும் போய்விட்டது, அவர்கள் வழக்கப்படி முதல் அசை அழுத்தத்தோடு. ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவது அசையில். அந்த அசையின் மேல் கோடு போட்டால் வாய் தானாக அங்கே தங்கும். போலீசுக்கான ஆங்கிலச் சொல்லை வைத்து ஒரு விளையாட்டு விளையாடலாம். அதே எழுத்துக்கூட்டலை செக்கில் ‘பொலிட்ஸெ’ என்று படிப்பார்கள். பொருள் சுவரில் அடிக்கும் அலமாரித் தட்டு. இரண்டையும் அருகருகே எழுதி, ஆங்கிலச் சொல்லில் மட்டும் இரண்டாவது அசைக்குக் கோடு போடுங்கள். ஒரு தடவை சிரித்தால் மறக்காது. அவர்களுடைய எழுத்துமுறையில் எழுதியபடியே படிக்கலாம். நமக்கும் பெருமளவு அப்படித்தான். அதனால்தான் ‘கம்ஃபர்டபிள்’ என்ற சொல்லை நாமும் அவர்களும் எழுத்தெண்ணி முழுதாகப் படிக்கிறோம், ஆங்கிலேயர் அதில் ஒரு அசையை விழுங்கிவிட்டுப் போகிறார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முன்னே நான் குறிப்பிட்ட பட்டியலில் இந்த மங்கிய உயிருக்கும் இடமில்லை. செக்காரரும் ஜப்பானியரும் பேசிக்கொண்டால் அது தேவையும் இல்லைதான். உங்கள் வாடிக்கையாளர் லண்டன்காரர் என்பதால்தான் இங்கே நான் பட்டியலை மீறுகிறேன். அவர் விழுங்கிப் பேசுவதை உங்கள் நண்பர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளவும் இதுவே வழி.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளோடு ஆங்கிலத்தில் ஒரு மூச்சு வெளியேறும். செக்கில் கிடையாது, தமிழிலும் கிடையாது. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு குண்டூசிக்கான ‘பின்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள். காகிதம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் லண்டன்காரர் காதில் அது குப்பைத் தொட்டி. இந்தப் பயிற்சியில் நீங்களும் மாணவிதான், வரிசையில் நில்லுங்கள்.

ஆங்கிலத்தில் இரண்டு வகரங்கள் உண்டு: பல் உதட்டைத் தொடும் ஒன்று, உதடு குவியும் இன்னொன்று. செக்கில் முதலாவது மட்டும். நம்முடையதோ இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுவது. குவியும் வகரத்தின் எழுத்தை ஆங்கிலத்தில் ‘டபுள் யூ’ என்கிறோம், செக்கில் அதற்கு ‘இரட்டை வே’ என்று பெயர். பெயரிலேயே பிசகு தொடங்கிவிடுகிறது. ‘ஊ’ என்று உதட்டைக் குவித்துவிட்டு அங்கிருந்து சொல்லுக்குள் வழுக்கச் சொல்லுங்கள்: ஊ, ஊ-ஐன். இதைக் கற்றுக்கொண்ட வேகத்தில் பல்வகரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் உதட்டைக் குவிக்கத் தொடங்குவார்கள். அது முன்னேற்றத்தின் அடையாளம். இரண்டு வாரத்தில் அடங்கும்.

‘பாடு’ என்று பொருள்படும் ‘சிங்’ இவர்கள் வாயில் ‘சிங்க்’ ஆகும். அதாவது மறுபடியும் மூழ்குவார்கள். ங் என்ற ஒலி அவர்களிடம் ககரத்துக்கு முன்னால் மட்டும் உண்டு. ‘பங்கா’ என்று வங்கியைச் சொல்லும்போது அது வருகிறது. அந்தச் சொல்லைத் தொடங்கி, ககரத்துக்குப் போகாமல் நடுவில் நிறுத்தி ரீங்காரம் போல் நீட்டச் சொல்லுங்கள். நமக்கும் ங் இருப்பது ‘சங்கு’ போன்ற சொற்களுக்குள்ளேதான் என்பதால் உங்களுக்கும் இதே மருந்து.

வெடுக்கென்று பேசுவதாக லண்டன்காரர் சொன்னதற்குக் காரணம் குணமல்ல. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் செக்காரர்கள் பல நேரம் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் முந்தைய சொல்லின் மெய் அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். ஆப்பிளுக்கு முன்னால் ‘ஆன்’ வந்தால் ‘அனாப்பிள்’ என்பதுபோல். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது இயல்பே என்று நமக்கு இலக்கணமே உண்டு, ஆகையால் நீங்கள் இதைச் செய்துகாட்டுவது எளிது. கூடவே அவர்களுடைய குரலின் ஏற்ற இறக்கமும் ஆங்கிலத்தை விடக் குறைவு. ‘அந்தக் கோப்பை அனுப்ப முடியுமா’ என்று கேட்பது அந்தத் தட்டையான குரலில் உத்தரவுபோல் விழுகிறது. குழந்தைக்குக் கதை சொல்லும் குரலில் மிகைப்படுத்திச் சொல்லவைத்துப் பதிவு செய்து போட்டுக்காட்டுங்கள். மிகை என்று அவர்கள் நினைப்பது ஆங்கிலேயருக்குச் சாதாரணம்.

நீங்கள் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. ஆனால் உங்கள் குரலை மாதிரியாக வைக்காதீர்கள்; மாதிரிக்கு அகராதியின் பதிவு இருக்கட்டும். உங்கள் வேலை கேட்பது, பிடிப்பது, சுட்டுவது. நாம் சொல் முடிவில் ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்து ‘பெடு’ என்போம், அவர்கள் அதிர்வை வெட்டி ‘பெட்’ என்பார்கள். ஒரே பள்ளத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றுகிறோம். ஒரு விஷயத்தில் அவர்கள்தான் உங்களுக்கு ஆசிரியர்கள். ‘ப்ர்னோ’வின் முதல் அசையில் உயிரே இல்லை, ஓநாய்க்கு அவர்கள் சொல்வது ‘வ்ல்க்’. விரலைத் தொண்டைக்குள் விடு என்று பொருள்படும் ‘ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க்’ என்ற நாப்பிறழ்ச்சி வாக்கியம் முழுவதிலும் ஓர் உயிர் கிடையாது. ஆகவே ‘பாட்டில்’, ‘லிட்டில்’ போன்ற சொற்களின் கடைசி அசையில் நாம் இகரத்தைச் செருகும் இடத்தில் அவர்கள் வெறும் லகரத்தை வைத்துச் சரியாகச் சொல்வார்கள். பாராட்டுங்கள்; நீங்களும் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை அவர்களிடம் கொடுத்து, இசையமைப்பாளர் துவொர்ஷாக்கின் பெயரின் நடுவில் வரும் ஒலியை உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். ரகரத்தை உருட்டிக்கொண்டே உரசவும் வேண்டும். ஒரு மாதமாவது ஆகும். பதிலுக்கு நீங்கள் ழகரத்தைக் கொடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கே அந்த உரசும் ரகரம் கடைசியாகத்தான் வருகிறது. வராத பிள்ளைகளைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போய்க் கண்ணாடி முன் உட்காரவைப்பார்கள். ஆறு பேரில் ஒருவராவது அப்படிப் போனவராக இருப்பார், கேட்டுப் பாருங்கள். அவரிடமே அந்தக் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லுங்கள். ‘திஸ்’ஸின் முதல் ஒலி உங்களிடம் முன்பே இருக்கிறது, ‘அது’ என்பதை அவசரமாகச் சொல்லும்போது நாக்கு பல்லை முழுதாக அடைக்காமல் உரசிப் போகிறதே, அந்தத் தகரம். அதைக் கண்ணாடியில் காட்டுங்கள், அதிர்வை நிறுத்தி ஊதினால் ‘திங்க்’கின் ஒலி. இது ஏழாவது, எட்டாவது வாரத்துக்கான பாடம். மூழ்கும் நண்பரை அன்றைக்குக் கூப்பிட்டால் போதும்.